ஒரு பொருள், ஒரு கை

என் மதினி மர்லியா என்னோடு பேசிப் பதினோரு வருடங்கள் ஆகின்றன. இதை நான் வருத்தத்தோடு சொல்லவில்லை, தகவலாகத்தான் சொல்கிறேன். ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே சட்டியில் ஆக்கிச் சாப்பிடுகிறோம், ஒரே தறியில் நாளுக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்து பாய் நெய்கிறோம். பேச்சு மட்டும் கிடையாது. என்னிடம் எதையாவது சொல்ல வேண்டியிருந்தால் அவள் பூனையிடம் சொல்வாள். "பூனே, தோசை ஆறுது பாரு. யாருக்கும் பசிக்கலையோ என்னமோ" என்பாள். பூனை தோசை தின்னாது என்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.

அந்த வியாழக்கிழமையும் காலை ஏழு மணிக்கு ஊறிய கோரையை எடுத்துக்கொண்டு தறிக்குப் போனோம். பத்தமடைப் பட்டுப்பாயைத் தனியாள் நெய்ய முடியாது. முரட்டுப் பாய் நெய்யலாம், தொழுகைப் பாய் நெய்யலாம். எட்டாக மடித்து நகைப்பெட்டிக்குள் வைக்கிற பட்டுப்பாய்க்கு இரண்டு பேர் வேண்டும். தரையோடு தரையாகப் பாவு நூல் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும். மர்லியா நெய்து முடித்த பாயின் மேலேயே உட்கார்ந்து அச்சுக்கட்டையைப் பிடித்துக்கொள்வாள். நான் அவளுக்கு வலது பக்கம். முடியளவுக்குக் கிழித்த கோரை இழையைக் குச்சியில் கோத்துப் பாவுக்குள் செலுத்துவேன். இழை போய்ச் சேர்ந்ததும் அவள் கட்டையை இழுத்து அடிப்பாள். அடித்து முடித்ததும் மூச்சை ஒரு தரம் உள்ளே இழுப்பாள். அந்த மூச்சை வைத்துத்தான் நான் அடுத்த இழையைத் தயார் செய்வேன். பேச்சு நின்றபோதும் அந்த மூச்சு நிற்கவில்லை.

தறிக்கு அடியில் நாடிக்கட்டை என்று ஒன்று பதித்திருக்கிறார்கள். விரல் நீளச் சென்சார்தான். ஒவ்வோர் அடியின் பலம், பாவின் இழுவிசை, இரண்டு அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, இவற்றை மட்டும் அது குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்புக்குத்தான் விலை. பாய்க்கு விலை போய் எத்தனையோ காலமாகிறது.

பொருளச்சு வீட்டுக்கு வீடு வந்தபிறகு எந்தப் பொருளுக்கும் மதிப்பில்லாமல் போனது. எங்கள் பாயிலிருந்து நகக்கண் அளவு வெட்டி அந்தப் பிரிண்டருக்குள் போட்டால் போதும். மதியச் சாப்பாட்டுக்குள் முழுப் பாயும் வந்துவிடும், கோரை வாசனை உட்பட. கையால் தொட்டுப் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. அதற்குப் பிறகு உலகத்துச் செல்வந்தர்கள் எல்லாரும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: இதை மனுஷக் கை செய்ததா, செய்தது எந்தக் கை? அதற்குப் பதில் சொல்லப் பிறந்ததுதான் கைமெய் வாரியம். ஒவ்வொரு கைவினைஞரின் கைக்கும் ஓர் எண், ஒரு நாடிப் பதிவு. 'ஒரு பொருள், ஒரு கை' என்பது வாரியத்தின் முதல் விதி. வாங்குகிறவருக்கு ஒற்றை ஆளின் பெயர் வேண்டும். கூட்டுக் கை என்று விட்டால் அந்தக் கூட்டுக்குள் இயந்திரம் எங்கே நுழைந்தது என்று யார் கண்டது?

முப்பது வருடத்துக்கு முன்பு பதிவு செய்ய வந்தபோது எங்கள் தெருப் பெண்கள் நெசவறைக்குள் கேமரா வைக்கக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார்கள். அந்தக் காலத்துக் கோஷாப் பழக்கத்தில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். வாரியமும் ஒத்துக்கொண்டது. எழுத்தர் வாசலில் நின்றபடியே "நெய்றது யாரு?" என்று கேட்டார். என் அண்ணன், தன் பெண்டாட்டி பேரைச் சொன்னான். தங்கச்சி பேர் அவன் வாயில் வரவில்லை. அண்ணன் கெட்டவன் இல்லை, யோசிக்கவில்லை, அவ்வளவே. கை எண் 4417 மர்லியாவுடையது ஆயிற்று. நான் 'கோரை கிழிப்பவர், குடும்ப உறுப்பினர்' ஆனேன். விதி எங்களுக்குப் புரிவதற்குள் எங்கள் பாய் ஏழு நாடுகளுக்குப் போய்விட்டது. அதற்கு மேல் வாயைத் திறந்தால் மோசடி.

அது கூடப் பெரிதில்லை. பதினோரு வருடத்துக்கு முன்பு மர்லியாவுக்கு ஜெனீவாவில் விருது கொடுத்தார்கள். தெருவே எங்கள் வீட்டுச் சுவர்த்திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. மேடையில் ஒருத்தி, உங்களுக்கு உதவி யார் என்று கேட்டாள். "நான் தனியாத்தான் நெய்யுதேன்" என்று சொல்லிவிட்டு மர்லியா சிரித்தாள். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? எனக்கும் தெரியும். ஆனால் சிரிக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது எனக்கென்று ஒரு டப்பா மிட்டாய் கொண்டுவந்தாள். நான் வாங்கவில்லை. பேச்சை நிறுத்தியது நான்தான். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வியாழனுக்குப் பதினைந்து நாள் முன்பு வாரியத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர் இப்போது கைப்பேட்டை. கை உள்ளவர்களும் அவர்கள் குடும்பமும் மட்டும் இங்கே இருக்கலாம். மற்ற சனங்கள் எல்லாம் அடுக்கூர்களில். வள்ளியூர் அடுக்கூர் நூற்று நாற்பது மாடி. அங்கே எல்லாம் கிடைக்கும், செய்வதற்குத்தான் ஒன்றும் இருக்காது. வாரியம் புதிதாக ஒரு திருத்தம் போட்டிருந்தது: கணவன், மனைவி, பிள்ளைகள் தவிர மற்றவர் குடும்பம் ஆகார். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து மூன்றே மாதத்தில் திரும்பி வந்தவள் நான். அண்ணன் இறந்த பிறகு, காகிதத்தில் நான் யாருக்கும் யாரும் இல்லை. என்னை அடுக்கூருக்குக் கொண்டுபோக வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு வண்டி வரும், ஒரு பெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது.

நான் போனால் 4417 செத்துப்போகும். இது மர்லியாவுக்கும் தெரியும். ஆனால் பதினைந்து நாளாக அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பூனையிடம்கூட. அலமாரியில் கிடந்த அறிவிப்பின் மேல் உப்புச் சாடியைத் தூக்கி வைத்தாள். சரி, அவள் வாயைத் திறக்கட்டும் என்று நானும் இருந்தேன். 'போகாதே' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், நானே வழி தேடியிருப்பேன். அதற்குப் பதிலாக, வியாழனுக்கு இரண்டு நாள் முன்பு கூட்டும்போது அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு முழத் துண்டு அகப்பட்டது. கோணலும் மாணலுமாக நெய்த பட்டுப்பாய். தனி ஆள் நெய்தது. நான் மார்க்கெட்டுக்குப் போகிற நேரத்தில் அவள் நான் இல்லாமல் நெய்து பழகியிருக்கிறாள். அதை இருந்த இடத்திலேயே தள்ளிவைத்தேன். அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். வருடாந்தரச் சரிபார்ப்புக்கு ஆள் வருவதும் அதே வியாழன்தான். வருகிறவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். என் கை இது, பாதி என்னுடையது என்று சொல்ல வேண்டும். அதனால் வீடே போனாலும் போகட்டும்.

சரிபார்க்க வந்தவள் பெயர் பியூலா. பாளையங்கோட்டை வட்டாரச் சான்றாளர். நாற்பது வயது இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு ஒரு சிறு பெட்டியோடு வந்தாள். வழக்கமாக வருகிறவர்கள் முன்னறையில் உட்கார்ந்து, தறிச் சத்தத்தைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நெசவறைக்குள் வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. இந்த வருஷத்துல இருந்து நாங்க பக்கத்துலயே இருந்து பாக்கணும். ஒரு பேட்டையில இயந்திரக்கைய வச்சு மூணு வருஷம் ஏமாத்தியிருக்காவ. அதுக்குப் பொறவு இப்படி" என்றாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க?"

"கோரை கிழிக்கேன்."

"அப்போ நீங்க அந்தச் சுவரோரமா உக்காந்துக்கிடுங்க. நெய்யும்போது வேற யாரும் தறியத் தொடக் கூடாது."

மர்லியாவின் கை அச்சுக்கட்டையின் மேல் இருந்தது. அது அசையவில்லை. நான் எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்தேன். பியூலா பெட்டியைத் திறந்து கைமானியை எடுத்துத் தறியின் காலில் பொருத்தினாள். உள்ளங்கை அளவுக் கண்ணாடி. அதில் 4417-இன் முப்பது வருட நாடி ஒரு பச்சைக் கோடாக ஓடியது.

"மூணு தடவை பாக்கலாம். ஒவ்வொண்ணும் நூறு இழை. அதுல ஒண்ணு தொண்ணூறுக்கு மேல பொருந்தினாப் போதும்" என்றாள் பியூலா.

"பொருந்தலன்னா?" என்று நான்தான் கேட்டேன்.

"கைய மூடிருவாவ. வீட்டையும் காலி பண்ணணும். இதுவரைக்கும் போன பாய் எல்லாம் பொய்ப் பாய்னு அறிவிச்சிருவாவ." கொஞ்சம் தயங்கி, "அப்படி நான் இதுவரைக்கும் ஒண்ணுகூட எழுதினதில்ல" என்று சேர்த்துக்கொண்டாள்.

மர்லியா குச்சியைத் தானே எடுத்தாள். இழையைக் கோத்தாள், செலுத்தினாள், குச்சியை வைத்தாள், கட்டையை அடித்தாள். மறுபடி குச்சி. பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. அறுபத்தொரு வயதில் முதன்முதலாகத் தறியில் உட்கார்ந்தவள் போல இருந்தாள். பத்தாவது இழையில் ஒரு காரியம் நடந்தது. கட்டையை அடித்து முடித்தவள், மூச்சை உள்ளே இழுத்துவிட்டுச் சும்மா இருந்தாள். எனக்காகக் காத்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு திடுக்கிட்டுக் குச்சியைத் தேடினாள். அதற்கப்புறம் ஒவ்வொரு இழையிலும் அப்படியே நடந்தது. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

நூறு இழை முடிய நாற்பது நிமிடமாயிற்று. கைமானி நாற்பத்தாறு காட்டியது.

"உடம்பு சரியில்லையாம்மா?" என்றாள் பியூலா. "மருத்துவக் காரணம்னா எழுதிக்கிடலாம். ஒரு மாசம் தவணை கிடைக்கும்."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள் மர்லியா. வீம்புக்காரி.

இரண்டாவது தடவை வேகமாகப் பிடித்தாள். நான் அவள் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'மேடம், முப்பது வருஷமா...' என்று ஆரம்பிக்க வேண்டும். அந்த முழத் துண்டை நினைத்துக்கொண்டேன், கோபம் வர வேண்டும் என்பதற்காக. கோபம் வரவில்லை. அவள் மூச்சை இழுக்கும்போதெல்லாம் எனக்கு விரல் குறுகுறுத்தது. எழுபது இழை போயிருக்கும். பியூலா கைமானியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். குனிந்து பார்த்தேன். என் மடியில் என் வலது கை தானாகப் போய்வந்துகொண்டிருந்தது. குச்சியில்லாமல், இழையில்லாமல், பாவில்லாமல், மர்லியாவின் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு தரம்.

கையை மடியிலேயே அமுக்கிக்கொண்டேன்.

"உங்க கை என்ன செய்யுது?" என்றாள் பியூலா.

இதுதான் இரண்டு நாளாக நான் காத்திருந்த இடம். அவளே கேட்டுவிட்டாள். நான் வாயைத் திறந்தால் போதும். மர்லியா திரும்பவில்லை, ஆனால் கட்டை நின்றுவிட்டது. அவள் தோள்பட்டை இறங்கியது எனக்குத் தெரிந்தது. முப்பது வருடமாகப் பார்த்த தோள்பட்டை.

"மரத்துப்போச்சு மேடம். உதறிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. பியூலா நம்பவில்லை. அவள் கண்கள் என்னிடமிருந்து தறிக்கும், தறியிலிருந்து என்னிடமும் போய்வந்தன. இரண்டாவது எண் ஐம்பத்திரண்டு.

"இன்னும் ஒரு தடவைதான் இருக்கு" என்றாள்.

மர்லியா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அச்சுக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குச்சியை எடுத்து, தனக்கு வலது பக்கத்தில், நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் தரையில் வைத்தாள்.

"சுலைகா, வா. வந்து குச்சிய எடு."

பதினோரு வருடத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து என் பெயர். 'வேண்டாம் மைனி, மாட்டிக்கிடுவோம்' என்று சொல்ல நினைத்தேன். கால் அதற்குள் எழுந்துவிட்டது. போய் உட்கார்ந்தேன். பியூலா தடுக்கவில்லை. நூறு இழைக்கு ஒன்பது நிமிடம். இடையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கைமானியில் புதுக்கோடு பழைய பச்சைக் கோட்டின் மேல் விழுந்தது, இரண்டு கோடு இருப்பதே தெரியவில்லை. தொண்ணூற்று ஒன்பது.

பியூலா குனிந்து கைமானியை மறுபடி பார்த்தாள். வெளியே தெருவில் யாரோ கோரைக்கட்டை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"கை நெசந்தான்" என்றாள் கடைசியில். "ஆள்தான் பொய். இப்படி ஒண்ணுக்கு என்ன எழுதணும்னு எங்க படிவத்துல இல்லம்மா."

"பொய் சொன்னது நானு" என்றாள் மர்லியா. "அவ இல்ல. எம்பேர எடுத்துட்டு அவ பேருக்கு எழுதுங்க. நான் வண்டில ஏறிக்கிடுதேன்."

அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. நான் கேட்க நினைத்தது இதையேதான். ஆனால் அவள் எடுத்துக் கொடுக்கிற விதத்தில் இல்லை.

"பிச்சையா போடுதீய? பதினோரு வருஷமா பூனைகிட்டப் பேசிட்டு, இப்ப ஒரு வெளியாளு முன்னால எனக்குத் தானம் பண்ணுதீயளா?"

"நீதானளா முதல்ல நிறுத்துன. ஆசையா வாங்கிட்டு வந்த மிட்டாயத் தொடக்கூட இல்ல."

"மிட்டாயாக்கும்! மேடையில நின்னு சிரிச்சீயளே!"

"பயத்துல சிரிச்சேன்!" மர்லியா கத்தியே விட்டாள். "ரெண்டு காலும் நடுங்குது. அழுதாச் சந்தேகப்படுவாவன்னு சிரிச்சேன். வந்து உன்கிட்டச் சொல்லலாம்னு வந்தா நீ கதவச் சாத்துன. அன்னைக்கே மனசு செத்துப்போச்சு எனக்கு."

"அப்பக் கட்டிலுக்குக் கீழ இருக்கிற துண்டு? நான் போனபிறகு நெய்யப் பழகுனீயளா?"

அவள் சட்டென்று அடங்கினாள். "உன்ன நில்லுன்னு கேக்க எனக்கு வாய் வரல. தனியா நெய்ய வந்துட்டா கேக்காம இருந்துரலாம்னு பாத்தேன். வரலளா. பாத்தல்லா நீயே."

நான் அழுதேன். அவளும் அழுதாள். ஒருவர் கண்ணீரை ஒருவர் துடைக்கவெல்லாம் இல்லை. தறிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து தனித்தனியாக அழுதோம்.

"வண்டி வர இருபது நிமிஷம்தான் இருக்கு" என்றாள் பியூலா. அவள் குரலும் சரியாக இல்லை. "பதிவுப் பிழைன்னு சொல்லிப் பேர ஒரு தடவை மாத்தலாம். அந்த அதிகாரம் எனக்கு இருக்கு. ஆனா பேர் ஒண்ணுதான் இருக்கலாம். மத்தவங்க போயாகணும். இருக்கிறவங்க அடுத்த வருஷம் தனியா நெய்து காட்டணும்."

"முடியாது" என்றேன். மர்லியாவும் அதே நேரத்தில் அதையே சொன்னாள்.

பியூலா கைமானியைக் கழற்றினாள். பெட்டிக்குள் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "ஒரு வழி இருக்கு. சொல்லவே கூச்சமா இருக்கு. கருவிப் பட்டியல்னு ஒண்ணு உண்டு. தறி, குச்சி, கத்தி எல்லாம் அதுல வரும். கருவியோட அதிர்வு கையோட நாடியில சேந்துதான் இருக்கும், அது குத்தமில்ல. போன வருஷம் செக்கெண்ணெய்ப் பேட்டையில செக்கு மாட்டைக் கருவின்னு எழுதினோம். மேலிடத்துல ஒத்துக்கிட்டாவ. உயிருள்ளது கருவியா இருக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதல."

எனக்கு உடனே புரியவில்லை. மர்லியாவுக்குப் புரிந்துவிட்டது.

"என்னை எழுதுங்க" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. கருவின்னு ஆயிட்டா நீங்க ஆளா எந்த ஏட்டுலயும் இருக்க மாட்டீய. ஓட்டு இல்ல, அட்டை இல்ல. விருது வாங்கினது, உங்க பேரு, எல்லாம் அழிஞ்சிரும்."

"மைனி, வேண்டாம். என்னையே எழுதட்டும். நான்தான் இத்தனை வருஷமும் ஏட்டுல இல்லாதவ. எனக்கு அது பழக்கம்" என்றேன்.

"அதுக்குத்தான் சொல்லுதேன், நான் ஆகுதேன்னு." அவள் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். "உம்பேரு வெளிய வரணும்ளா. என் கண்ணு மூடுறதுக்குள்ள பாத்துக்கிடுதேன்."

நான் மறுத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ஒரு தடவைதான் மறுத்தேன். முப்பது வருட ஆசை எனக்குள் எழுந்து உட்கார்ந்துகொண்டது. 'கை எண் 4417, சுலைகா' என்று பியூலா கைமானித் திரையில் எழுதியபோது என் நெஞ்சு படபடத்தது. அதில் துக்கம் பாதிதான். இதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

தெருவில் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் ஒலிப்பானை ஒரு தடவை அழுத்தினார்.

"படிவம் முடிஞ்சாத்தான் அவரத் திருப்பி அனுப்ப முடியும். சுலைகாம்மா, கருவிக்கு உரிமையாளரா நீங்கதான் பதில் சொல்லணும். சீக்கிரம்" என்று பியூலா கேட்க ஆரம்பித்தாள்.

"கருவியின் பெயர்?"

"மர்லியா."

"ஆள் பேர ஏத்துக்கிட மாட்டேங்குதும்மா. அடிகட்டைன்னு போட்டுக்கிடுதேன், உயிருள்ளது. செய்த வருஷம்?"

"ரெண்டாயிரத்து எழுவத்தொண்ணு" என்றாள் மர்லியா, தன் பிறந்த வருடத்தை.

"தேய்மானம்?"

"வலது முழங்கால். தை மாசத்துல இடுப்பும் பிடிச்சுக்கிடும்" என்றேன். மர்லியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இதை என்னிடம் சொன்னதே இல்லை. நான் பார்த்திருக்கிறேன்.

"பராமரிப்பு?"

"ராத்திரி தைலம் தேய்க்கணும். காலையில சீனி போடாத கட்டங்காப்பி. அது இல்லாம தறிக்கு வராது."

வெளியே இரண்டாவது தடவை ஒலிப்பான் கேட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். பியூலா எழுந்து போய், "ரெண்டு நிமிஷம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கடைசிக் கேள்வி. இதப் பாத்துச் சொல்லுங்க. இந்தக் கருவி பழுதானால் மாற்று உண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டித் தடுத்தாள்.

"உண்டுன்னு சொன்னா, வாரியம் நெனச்சா ஒரு இயந்திரக்கையக் கொண்டாந்து வச்சுட்டு இவிகள எடுத்துட்டுப் போயிரலாம். என்னைக்கு வேணும்னாலும் நடக்கும். இல்லைன்னு சொன்னா யாரும் தொட மாட்டாவ. ஆனா மாற்றில்லாத கருவிய நெசவறைய விட்டு வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு விதி. கருவிக்கு ஒரு வில்லை மாட்டுவாவ, வாசலத் தாண்டினா அது சத்தம் போட்டுரும். சாகுற வரைக்கும் இந்த அறைதான்."

மர்லியாவுக்கு இருந்த சந்தோஷமே சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போய்ப் படித்துறையில் உட்கார்வதுதான். காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். நான் மாடியிலிருந்து பார்ப்பேன். என்னிடமிருந்து விலகி அவள் போகிற ஒரே இடம் அது. பதினோரு வருடமாக ஒவ்வொரு மாலையும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கும்போது எனக்கு உள்ளே ஏதோ சுருங்கும்.

மர்லியாவிடம் யாரும் கேட்கவில்லை. கருவியிடம் கேட்பதற்குப் படிவத்தில் இடமில்லை. அவள் அச்சுக்கட்டையில் ஒட்டியிருந்த கோரைத் தும்பை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"சுலைகாம்மா, உண்டா, இல்லையா?" என்றாள் பியூலா.

இல்லை என்றேன். அன்பினால்தான் அப்படிச் சொன்னேன் என்று, கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.